கடுவன் நாயின் விதைகள்: எது அடங்கும், எது மீளும்?

(கம்பளையில் பொதுமக்களுக்காக ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளை மேடையில் பேசப் பலர் கூச்சப்படுவார்கள். ஆனால் நாய் வளர்ப்பவர்கள் மிருக வைத்தியரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்விகளில் பாதி இதைப் பற்றியதுதான். "ஐயா, ஒப்பரேஷன் செய்யாமல் மருந்தால் அடக்க முடியுமா?" "மருந்து வைத்தால் பிறகு பழையபடி சரிவருமா?" "அடக்கிவிட்டால் வீட்டைக் காவல் காக்குமா?" இவை நியாயமான கேள்விகள். காதில் விழுந்ததை வைத்து முடிவெடுக்காமல், விளங்கிக்கொண்டு முடிவெடுக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள். ஆகவே கூச்சத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நேராகவே பேசுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஆண் நாயின் விதைகள் வேலையை நிறுத்துவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அந்த வேலை மீளுமா, மீளாதா என்பது தடை எந்த இடத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்தது. மூளையிலிருந்து வரும் கட்டளை நின்றிருந்தால், கட்டளை திரும்பியதும் விதையும் திரும்பும். விதைக்குள் இருக்கும் மூலக்கலங்களே அழிந்திருந்தால் எந்த மருந்தாலும் மீட்க முடியாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளுக்குப் பெரும்பாலும் நீங்களே விடை சொல்லிவிடுவீர்கள்.

முதலில் இது ஏன் நம் ஊருக்கு வேண்டிய பேச்சு என்று சொல்லவேண்டும். கம்பளை பஸ் நிலையத்திலும் சந்தையிலும் புகையிரத நிலையத்துப் பக்கத்திலும் நாய்கள் இருக்கின்றன. புசல்லாவை, நாவலப்பிட்டி, தொலஸ்பாகைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்கு லயம் நாய் உண்டு. இவற்றில் பல, முழுக்கத் தெருநாயுமல்ல, முழுக்க வீட்டுநாயுமல்ல. ஒரு வீட்டில் சோறு தின்னும், இன்னொரு வாசலில் படுக்கும், இரவில் ஊர் சுற்றும். சோறு வைப்பவர் இருக்கிறார், பொறுப்பெடுப்பவர் இல்லை. குட்டி போட்டால் பெட்டைக் குட்டிகளைப் பெட்டியில் போட்டு விகாரை வாசலிலும் சந்தையிலும் தேயிலை மலையிலும் விட்டுவிட்டுப் போகிறார்கள். கடுவன் குட்டிகளை மட்டும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். கடுவன் குட்டி போடாதுதானே என்று நினைக்கிறார்கள். ஆனால் கைவிடப்பட்ட அந்தக் குட்டிகளுக்கும் தகப்பன் உண்டு. அந்தத் தகப்பனும் யாரோ ஒருவர் சோறு வைக்கும் நாய்தான்.

இது சுகாதாரப் பிரச்சினையும்கூட. விசர்நாய்க்கடியைக் கட்டுப்படுத்த இந்த நாட்டில் 1893இலேயே சட்டம் கொண்டுவந்தார்கள். அப்படியிருந்தும் 1973இல் மட்டும் 377 பேர் அந்த நோயால் இறந்தார்கள். தடுப்பூசி பரவலானபின் அந்தத் தொகை பெரிதும் குறைந்து, அண்மைக் காலத்தில் ஆண்டுக்குச் சில பத்துகள் என்ற அளவுக்கு வந்திருக்கிறது. பல பத்தாண்டுகளாக நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். 2006இல் அரசு அந்த வழியைக் கைவிட்டது. தடுப்பூசியும் கருத்தடையும்தான் வழி என்று முடிவானது. நமக்கு முன்பே சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதால் நாய்த்தொகை குறையாது என்று வாதிட்டு, 1964இல் கருத்தடைத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 வரை சென்றது. கொல்வதை விட்டுவிட்டோம் என்றால், இனப்பெருக்கம் எப்படி நடக்கிறது, அதை எப்படி நிறுத்துவது என்று தெரிந்துகொள்வது நம் எல்லோருடைய கடமையாகிவிடுகிறது.

இனி உடலுக்குள் வருவோம். விதைகளுக்கு இரண்டு வேலைகள். விந்தணுக்களை உண்டாக்குவது ஒன்று, டெஸ்டொஸ்டிரோன் என்ற ஆண் ஓமோனைச் சுரப்பது மற்றொன்று. விதைக்குள் மிக நுண்ணிய குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. விந்தணு அந்தக் குழாய்களின் சுவரில் பிறக்கிறது. அங்கே செர்ட்டோலிக் கலங்கள் வளரும் விந்தணுக்களுக்கு உணவூட்டித் தாங்கி நிற்கின்றன. குழாய்களுக்கு இடையில் இருக்கும் லெய்டிக் கலங்கள் டெஸ்டொஸ்டிரோனைச் சுரக்கின்றன. விதைகள் உடலுக்கு வெளியே பையில் தொங்குவதற்கும் காரணம் உண்டு. நாயின் உடல் வெப்பம் 38 பாகை செல்சியசுக்கு மேல். விந்தணு உண்டாக அதைவிடச் சில பாகை குறைவான வெப்பம் வேண்டும்.

இந்த இரண்டு வேலைகளையும் விதைகள் தாமாகத் தொடங்குவதில்லை. மூளையின் அடியில் பரிவகக்கீழ் என்ற சிறு பகுதி இருக்கிறது. அது ஜி.என்.ஆர்.எச் என்ற ஓமோனை விட்டு விட்டு, துடிப்புத் துடிப்பாக வெளியிடுகிறது. அந்தத் துடிப்பு கீழேயுள்ள கபச்சுரப்பியை எட்டும்போது, அது எல்.எச், எஃப்.எஸ்.எச் என்ற இரண்டு ஓமோன்களை இரத்தத்தில் கலக்கிறது. எல்.எச் லெய்டிக் கலங்களைத் தூண்டுகிறது, எஃப்.எஸ்.எச் செர்ட்டோலிக் கலங்களைத் தூண்டுகிறது. டெஸ்டொஸ்டிரோன் போதிய அளவுக்கு உயர்ந்ததும் அது இரத்தத்தின் வழியே மூளைக்குப் போய், "போதும், குறை" என்று அறிவிக்கிறது. மூளை துடிப்பைத் தளர்த்துகிறது. டெஸ்டொஸ்டிரோன் குறைந்தால் மூளை மறுபடி துடிப்பை முடுக்குகிறது. நாய்க்கும் மனிதனுக்கும் இந்த ஏற்பாடு அடிப்படையில் ஒன்றுதான்.

ஜி.என்.ஆர்.எச் ஓமோனைக் கண்டுபிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அண்ட்ரூ ஷாலி, ரொஜர் கில்லெமின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அமெரிக்காவில் போட்டி போட்டுக்கொண்டு இந்த ஓமோனைத் தேடினார்கள். ஒருவர் பன்றிகளின் மூளைகளையும் மற்றவர் செம்மறியாடுகளின் மூளைகளையும் இலட்சக்கணக்கில் சேகரித்தார்கள். அவ்வளவிலிருந்தும் கிடைத்தது மில்லிகிராம் கணக்கில்தான். 1971இல் அதன் அமைப்பு தெரியவந்தது. பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறிய சங்கிலி அது. 1977இல் இருவருக்கும் நோபெல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது. மறுபாதி, இரத்தத்தில் ஓமோன்களை அளக்கும் முறையைக் கண்டுபிடித்த ரொசலின் யாலோ அம்மையாருக்குப் போனது. அவருடைய அளவைமுறை இல்லாதிருந்தால் நான் இன்று சொல்லும் பல செய்திகளை யாராலும் அறிந்திருக்க முடியாது.

அடுத்த ஆண்டே ஒரு வியப்பான உண்மை வெளிவந்தது. ஏர்னஸ்ட் நோபில் என்பவரின் ஆய்வுக்குழு 1978இல், பரிவகக்கீழ் செயலிழந்த குரங்குகளுக்கு இந்த ஓமோனை வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தது. மணிக்கு ஒரு தடவை சிறிது சிறிதாகக் கொடுத்தபோது கபச்சுரப்பி ஒழுங்காக வேலை செய்தது. அதே ஓமோனை இடைவிடாமல் கொடுத்தபோது கபச்சுரப்பி ஓய்ந்துபோனது. மறுபடி மணிக்கொரு தடவை கொடுத்ததும் அது விழித்துக்கொண்டது. நம் தோட்டங்களில் காலையில் சங்கு ஊதினால் எல்லோரும் பிரட்டுக்களத்துக்கு வருகிறார்கள். அதே சங்கு இராப்பகலாக நிற்காமல் ஊதிக்கொண்டிருந்தால் எத்தனை நாளைக்கு வருவார்கள்? கபச்சுரப்பிக் கலங்களும் அப்படித்தான். ஓமோனைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகளை அவை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கட்டளை வந்தாலும் ஏற்க ஆளில்லை என்ற நிலை வந்துவிடுகிறது.

இந்த உண்மையிலிருந்து பிறந்ததுதான் ஆண் நாய்க்கான தற்காலிகக் கருத்தடை. டெஸ்லோரெலின் என்ற மருந்து, ஜி.என்.ஆர்.எச் சங்கிலியில் இரண்டு இடங்களை மாற்றிச் செய்தது. அதனால் உடலின் நொதியங்கள் அதை எளிதில் சிதைக்க முடிவதில்லை, இயற்கை ஓமோனைவிடப் பல மடங்கு வலிமையும் அதற்கு உண்டு. அவுஸ்திரேலியாவில் உருவாக்கிய இந்த மருந்து சுப்ரிலோரின் என்ற பெயரில் பல நாடுகளில் விற்பனையாகிறது. 12 மில்லிமீற்றர் நீளமும் 2 மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தடிப்பும் உள்ள சிறு கட்டி அது. பதப்படுத்திய பாம் எண்ணெயும் லெசிதினும் சேர்ந்த கலவையில் மருந்தைப் பொதித்திருக்கிறார்கள். தோள்பட்டைகளுக்கு இடையில் தோலுக்கடியில் ஊசியால் வைத்துவிடுவார்கள். மயக்கமருந்து வேண்டியதில்லை, திரும்ப எடுக்க வேண்டியதும் இல்லை. 4.7 மில்லிகிராம் கட்டி குறைந்தது ஆறு மாதமும், 9.4 மில்லிகிராம் கட்டி குறைந்தது பன்னிரண்டு மாதமும் வேலை செய்யும்.

மருந்து வைத்தபின் நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். தவறான எதிர்பார்ப்புகள் இங்கேதான் பிறக்கின்றன.

முதல் நாட்களில் ஓமோன் குறையாது, கூடும். மருந்து முதலில் கபச்சுரப்பியைத் தூண்டிவிட்டுத்தான் பிறகு ஓயவைக்கிறது. ஆகவே முதல் ஒன்றிரண்டு வாரம் சில நாய்கள் முன்னைவிட முரண்டு பிடிக்கலாம், பெட்டையைத் தேடலாம். மருந்து பிழைத்துவிட்டது என்று பதற வேண்டாம். ஏறத்தாழ மூன்று நான்கு வாரத்தில் டெஸ்டொஸ்டிரோன் மிகவும் தாழ்ந்துவிடும். அப்போதும் நாய் மலடாகிவிடவில்லை. ஏற்கெனவே உண்டான விந்தணுக்கள் விதையை ஒட்டிய சேமிப்புக் குழாயில் காத்திருக்கின்றன. அதனால் 4.7 மில்லிகிராம் வைத்த நாயை ஆறு வாரமும், 9.4 மில்லிகிராம் வைத்த நாயை எட்டு வாரமும் பருவத்துக்கு வந்த பெட்டையிடமிருந்து பிரித்து வைக்கவேண்டும். மருந்தை இன்று வைத்து நாளை பெட்டையோடு அவிழ்த்துவிட்டால் குட்டி பிறக்கும். குற்றம் மருந்தின் மேல் இல்லை.

இதற்கிடையில் விதைகள் சிறுக்கின்றன. தடவிப் பார்த்தாலே தெரியும், மென்மையாகி, முந்தைய அளவில் பாதிக்கும் கீழே போய்விடும். உள்ளே, குழாய்களின் சுவரில், விந்தணு முதிரும் படிகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின்றன. ஆனால் சுவரின் அடித்தளத்தில் ஒட்டியிருக்கும் மூலக்கலங்கள் அப்படியே இருக்கின்றன. பருவம் எய்தாத குட்டியின் விதை எப்படி இருக்குமோ அந்த நிலைக்குத்தான் விதை திரும்பிப் போயிருக்கிறது. அது அழிந்துவிடவில்லை, அடங்கி இருக்கிறது. மீளுவதற்கான முழு நம்பிக்கையும் இந்த மூலக்கலங்களில்தான் இருக்கிறது.

இனி மீள்வது எப்படி என்று பார்ப்போம். கட்டியிலிருந்து மருந்து கசிவது ஓய்ந்ததும் கபச்சுரப்பி தன் வாங்கிகளை மறுபடி வெளியே வைக்கிறது. பரிவகக்கீழின் துடிப்பு அதற்குக் கேட்கத் தொடங்குகிறது. எல்.எச் உயர்கிறது, டெஸ்டொஸ்டிரோன் உயர்கிறது, விதை பெருக்கிறது. கடைசியாகத்தான் விந்தணு வருகிறது. இந்த வரிசை மாறுவதே இல்லை. நாயின் உடலில் ஒரு விந்தணு மூலக்கலத்திலிருந்து முழு வடிவம் பெற 60 நாட்களுக்குச் சற்று மேலாகும். அதன்பின் சேமிப்புக் குழாயைக் கடந்து முதிர்ச்சி பெற ஏறத்தாழ இன்னும் இரண்டு வாரம். ஆக, டெஸ்டொஸ்டிரோன் திரும்பிய நாளிலிருந்து நல்ல விந்து கிடைக்க இரண்டரை மாதமாவது வேண்டும். முதலில் வரும் விந்தில் உருக்குலைந்த, நீந்த முடியாத அணுக்கள் அதிகம் இருக்கும். அதைப் பார்த்து "நாய் கெட்டுவிட்டது" என்று முடிவுகட்டக்கூடாது. சில வாரங்கள் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

காலக்கணக்கு ஒவ்வொரு நாய்க்கும் வேறுபடும். 4.7 மில்லிகிராம் கட்டி வைத்த நாய்களில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டவற்றுக்குப் பன்னிரண்டு மாதத்துக்குள் டெஸ்டொஸ்டிரோன் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. பதினெட்டு மாதத்துக்குள் 98 வீதமானவை மீண்டுவிடுகின்றன. இந்தக் கணக்கு, கட்டி வைத்த நாளிலிருந்து எண்ணுவது. சிறிய நாய்களில் மருந்தின் பிடி நீடிப்பதுண்டு. அவுஸ்திரேலியாவின் மேர்டொக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 6 மில்லிகிராம் டெஸ்லோரெலின் வைத்த நாய்களை ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். ஓமோன் அடங்கியது, விதை சுருங்கியது, விந்து நின்றது. பிறகு எல்லாம் படிப்படியாகத் திரும்பி, 60 வாரம் ஆனபோது விந்து பழைய தரத்துக்கு வந்திருந்தது. நிலைமை மீள்கிறது, ஆனால் மீள நாள் எடுக்கிறது. குறிப்பிட்ட மாதத்தில் இனச்சேர்க்கைக்கு விடவேண்டும் என்று நாள் குறித்து வைத்திருப்பவர் இந்த மருந்தைத் தொடக்கூடாது.

அதேபோல, 4.7 மில்லிகிராம் கட்டி வைத்த நாய் ஆறு மாதம் முடிந்ததும் உடனே மீண்டுவிடும் என்றோ, ஒரு வருடம் வரை கட்டாயம் மலடாக இருக்கும் என்றோ நம்பியிருப்பதும் ஆபத்து. எந்த நாய் எந்த வாரத்தில் மீளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கருத்தடை தொடர வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்கொரு தடவை, அல்லது பன்னிரண்டு மாதத்துக்கொரு தடவை, தவணை தவறாமல் மருந்தைப் புதுப்பிக்க வேண்டும்.

கட்டளை நிற்பதற்கு மருந்து மட்டும் காரணமல்ல. நோயாலும் அது நிற்கலாம். ஒரு விதை பைக்குள் இறங்காமல் வயிற்றுக்குள்ளோ இடுப்பருகிலோ தங்கிவிட்ட நாய்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படித் தங்கிய விதையில் கட்டி உண்டாகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். செர்ட்டோலிக் கலங்களில் எழும் கட்டி சில வேளைகளில் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஓமோனைச் சுரக்கும். அந்த ஓமோன் மூளைக்குப் போய் "குறை" என்று சொல்ல, மறுபக்கத்து நல்ல விதையும் சுருங்கிவிடுகிறது. கடுவன் நாய்க்கு மார்பு வீங்கும், இரு பக்கமும் ஒரேமாதிரி மயிர் உதிரும், மற்றக் கடுவன்கள் அதன் பின்னால் சுற்றும். இதைச் சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். கூடுதலான ஈஸ்ட்ரஜன் எலும்பு மச்சையைத் தாக்கி, இரத்தம் உண்டாவதையே நிறுத்தி, நாயைக் கொன்றுவிடும். நேரத்தோடு கண்டுபிடித்துக் கட்டியுள்ள விதையை அகற்றினால் பெரும்பாலும் பிழைக்கும். இறங்காத விதையுள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது, அந்தக் குறை குட்டிகளுக்கும் போகும். அத்தகைய நாய்க்கு இரண்டு விதைகளையும் அகற்றுவதே சரியான வைத்தியம்.

இளைஞர்கள் வந்திருப்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். வெளியிலிருந்து டெஸ்டொஸ்டிரோன் ஊசி போட்டால் ஆண்மை கூடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நாய்க்கும் கேட்கிறார்கள், உடற்பயிற்சிக் கூடங்களில் தமக்கும் போட்டுக்கொள்கிறார்கள். விந்தணு உண்டாக விதைக்குள் இருக்கவேண்டிய டெஸ்டொஸ்டிரோன், இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதை லெய்டிக் கலங்கள்தான் அங்கேயே சுரக்கவேண்டும். ஊசியால் இரத்தத்தில் அளவு கூடினால் மூளை கட்டளையை நிறுத்துகிறது, விதைக்குள் அளவு விழுந்துவிடுகிறது, விந்தணு நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஆய்வொன்றில் வாராந்த டெஸ்டொஸ்டிரோன் ஊசியையே ஆண்களுக்குக் கருத்தடையாகப் பயன்படுத்திப் பார்த்தது. ஊசியை நிறுத்தியதும் படிப்படியாக மீளலாம், ஆனால் பல மாதம் எடுக்கும், எல்லோருக்கும் ஒரே வேகத்தில் மீளாது.

விதைக்குள்ளேயே நேராகத் தாக்கும் வழிகளும் உண்டு. அலையும் நாய்களிடையே இனச்சேர்க்கையால் தொற்றும் பாலுறுப்புக் கட்டி நம் பகுதியிலும் காணப்படுவது. குறியிலிருந்து இரத்தம் சொட்டும், பூக்கோவா போன்ற சதை தெரியும். வின்கிறிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு தடவையாகச் சில வாரம் ஏற்றினால் பெரும்பாலும் முற்றாகக் குணமாகும். வேகமாகப் பிரியும் கலங்களைத் தாக்குவதே அந்த மருந்தின் வேலை என்பதால், வளரும் விந்தணுக்களும் அடிபடலாம். மூலக்கலங்கள் தப்பியிருந்தால் சிகிச்சை முடிந்தபின் விந்து மீளும். மறுபக்கத்தில், விதைக்குள்ளேயே ஊசி போட்டு அதை அழிக்கும் முறைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் சிங்க் குளுக்கோனேற் ஊசிக்கு 2003இல் அனுமதி கிடைத்தது. மேற்கு வங்கத்து ஆய்வாளர்கள் தெருநாய்களில் கல்சியம் குளோரைட்டைப் பரிசோதித்து 2007இல் எழுதினார்கள். இவை குழாய்களையும் மூலக்கலங்களையும் சேர்த்து அழிப்பவை. இவற்றுக்கும் டெஸ்லோரெலினுக்கும் "ஊசி" என்ற ஒரே பெயரைச் சொல்லிக் குழப்பக்கூடாது. ஊசி என்று யாராவது சொன்னால், "இது அடக்குவதா, அழிப்பதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

அப்படியானால் நம் நாய்களுக்கு எது பொருந்தும்? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்.

தெருவிலும் தோட்டத்திலும் அலையும் நாய்களின் தொகையைக் குறைக்கத் தற்காலிக மருந்து உதவாது. ஆறு மாதத்துக்கொரு தடவை அவற்றைத் தேடிப் பிடிக்க யாரால் முடியும்? விலையும் கட்டுப்படியாகாது. கடுவன்களை மட்டும் சத்திரசிகிச்சை செய்வதாலும் தொகை குறையாது. பத்துக் கடுவன்களில் ஒன்பதை மலடாக்கினாலும், மிஞ்சிய ஒன்று அந்தப் பகுதியின் பெட்டைகள் எல்லாவற்றையும் சினைப்படுத்திவிடும். குட்டி பெறுவது பெட்டை. ஆகவே பொதுப்பணம் முதலில் பெட்டைகளின் சத்திரசிகிச்சைக்கும், கடுவன் பெட்டை பாராமல் எல்லா நாய்களின் விசர்நாய்த் தடுப்பூசிக்கும் போகவேண்டும். நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி இருந்தால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பெட்டைகளுக்கு முன்னர் போட்டுவந்த கருத்தடை ஓமோன் ஊசிகளைப் பற்றியும் எச்சரிக்கிறேன். கடுவனுக்கு வைக்கும் டெஸ்லோரெலினைப்போல் அவை சாதுவானவையல்ல. திரும்பத் திரும்பப் போட்டால் கருப்பையில் சீழ் கட்டி உயிருக்கே ஆபத்தாகும்.

வீட்டில் வளரும் கடுவனுக்கு, இனப்பெருக்கம் வேண்டாம் என்று நீங்கள் முடிவுசெய்துவிட்டால், சத்திரசிகிச்சையே நிரந்தரமான, ஒரே தடவைச் செலவோடு முடியும் வழி. அதற்குப் பிறகும் சேமிப்பில் சில நாட்களுக்கு விந்து மிஞ்சியிருக்கும் என்பதால் ஒரு மாதமாவது பெட்டைகளிடமிருந்து விலக்கி வையுங்கள். தற்காலிக மருந்து கிடைக்கும் இடங்களில் அதற்குப் பொருத்தமான நாய்கள் சில உண்டு. மயக்கமருந்து தாங்காத இருதயநோய் நாய், இப்போது வேண்டாம் ஆனால் பின்னர் நல்ல குட்டி எடுக்கவேண்டும் என்று வைத்திருக்கும் நாய், புரஸ்டேட் வீங்கிய வயதான நாய். விதையுள்ள முதிய கடுவன்களில் பெரும்பாலானவற்றுக்குப் புரஸ்டேட் பெருக்கும். மலம் கழிக்கச் சிரமப்படும், சிறுநீரோடோ தனியாகவோ இரத்தம் சொட்டும். டெஸ்டொஸ்டிரோன் அடங்கினால் சில வாரங்களில் சுரப்பி சுருங்கி நோய் தணியும். சத்திரசிகிச்சையின் பின் நாயின் குணம் எப்படி மாறும் என்று முன்னரே பார்த்துக்கொள்ள விரும்புபவருக்கும் இது ஒரு வழி. ஆனால் முதல் வாரங்களின் குணத்தை வைத்து எதையும் தீர்மானிக்கக்கூடாது.

குணம் என்று வந்துவிட்டதால் அந்தக் காவல் கேள்விக்கு விடை சொல்கிறேன். பெட்டை தேடி ஊர் சுற்றுவது, மற்றக் கடுவனோடு சண்டை பிடிப்பது, காலைத் தூக்கி மூலைமுடுக்கெல்லாம் சிறுநீர் தெளிப்பது, இவை டெஸ்டொஸ்டிரோனோடு நெருங்கியவை. அடங்கினால் பெரும்பாலான நாய்களில் குறையும். அந்நியரைக் கண்டால் குரைப்பதும் வீட்டைக் காப்பதும் இனத்தாலும் பழக்கத்தாலும் வருவன, அவை போய்விடாது. ஊர் சுற்றாத நாய் வீட்டில் இருக்கும், அதனால் காவல் கூடவே செய்யும். ஆனால் பயத்தால் கடிக்கும் நாய்க்கு இது மருந்தல்ல. சில வேளை பயம் இன்னும் கூடலாம். அத்தகைய நாய்க்கு முதலில் வேண்டியது பொறுமையான பழக்கம். இன்னொன்று, ஓமோன் அடங்கிய நாய்க்கு உணவுத் தேவை குறையும். பழைய அளவுச் சோற்றை வைத்துக் கொழுக்கவிட்டுவிட்டு "ஒப்பரேஷனால் சோம்பேறியாகிவிட்டது" என்று சொல்லாதீர்கள். சோற்றைக் குறையுங்கள், நடக்கவிடுங்கள்.

நாம் பாக்கியசாலிகள். இலங்கையில் மிருக வைத்தியம் படிப்பிக்கும் பீடம் பேராதனையில் இருக்கிறது. மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் கன்னொறுவையில் இருக்கிறது. கம்பளையிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். நாட்டின் வேறு மூலைகளில் இருப்பவர்களுக்கு எட்டாத அறிவு நம் வாசலில் இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பது நம் குற்றமாகவே முடியும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை மூன்று. உங்கள் வாசலில் சோறு தின்னும் நாய் எதுவாக இருந்தாலும் அதற்கு ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள், அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் கடுவனின் விதைகளை மாதமொரு முறை கையால் தடவிப் பாருங்கள். ஒன்று பெருத்தோ மற்றது சிறுத்தோ இருந்தால், அல்லது ஒன்று இறங்கவே இல்லையென்றால், தாமதிக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மூன்றாவதாக, கருத்தடையைத் தீர்மானிக்கும்போது, குட்டி பெறும் பெட்டையின் வீட்டுக்காரரை மட்டும் பொறுப்பாக்காதீர்கள். லயத்திலும் தெருவிலும் கடுவன் வைத்திருப்பவர்களும் ஒன்றுகூடிப் பேசுங்கள். அடக்குவதா, அகற்றுவதா, எப்போது, எந்த நாய்க்கு என்று வைத்தியரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். அந்த முடிவை எடுக்கத் தேவையான அறிவு இனி உங்களிடம் இருக்கிறது. கைவிடப்படும் குட்டிகளின் தொகை குறைவது, நீங்கள் அதை எவ்வளவு விரைவாகச் செயலாக்குகிறீர்கள் என்பதில் தங்கியிருக்கிறது.